வெறும் சுவரைப் படித்தவள்

தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்குக் கண் டாக்டரம்மா வந்த அன்று, சுலைகா பரீட்சைக்கு வந்தவளைப் போல நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாப்பா ஜெயினுலாப்தீன், தோல்பைப் பட்டறைக்காரர், வராந்தாவில் நின்றார். நாலாம் வகுப்பிலேயே மறுபடியும் பெயிலான மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வந்திருந்தார். போர்டைப் பார்த்து ஒரு வரி எழுதத் தெரியாதவள் வீட்டில் உட்கார்ந்து பைக்கு வார் தைக்கட்டும் என்பது அவர் முடிவு. இதிலாவது வாப்பா முன்னால் பாஸாகிவிட வேண்டும் என்று அவள் துடித்தாள்.

இது பரீட்சையே இல்லை என்று வகுப்பாசிரியர் கோமதிநாயகம் சார் சொல்லத்தான் செய்தார். யார் கேட்டார்கள்? கரும்பலகைமேல் தொங்கிய ஏபிசிடி அட்டையை முதல் பிள்ளை படித்ததுமே வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. வாய்ப்பாடோ செய்யுளோ, எல்லாவற்றையும் கோரஸாகக் கத்தியே படித்த வாய்கள் ஆயிற்றே! பாதி வரிசை முடிவதற்குள் பியூனுக்கே அட்டை மனப்பாடம். டாக்டரம்மாவுக்கோ ஒரே பூரிப்பு. “சப் பாஸ்!” என்று எல்லாரையும் இந்தியிலேயே பாஸாக்கினார்.

சுலைகா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சாக்பீஸ் கோட்டில் நின்றாள். “ஈ... எஃப், பி...” என்று ஆரம்பித்த நேரம் பார்த்து ஆணி கழன்று, அட்டை பீரோவுக்குப் பின்னால் விழுந்தது. வரிசை போட்ட இரைச்சலில் அவளுக்கு அது கேட்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்து, வாய்ப்பாட்டு ராகத்தில், கடைசி வரிவரை ஓர் எழுத்து பிசகாமல் சொல்லி முடித்துப் பெருமையாகத் திரும்பினாள்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டரம்மா மட்டும் எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார். சரியாகச் சொன்னாள். நாலடி தள்ளி நின்று காட்டினார், திருதிருவென விழித்தாள். உடனே வேறு அட்டையை மாட்டச் சொல்லி, பாஸான அத்தனை பேரையும் மறுபடி வரிசையில் நிறுத்தினார்.

“பாய், போர்டே தெரியாம, காதால கேட்டே இம்புட்டும் படிச்சிருக்கு உங்க புள்ள. கண்ணாடி போட்டா போதுமாம்” என்றார் கோமதிநாயகம் சார்.

மகளை மக்கு மக்கு என்று வைததெல்லாம் நினைவுக்கு வர, ஜெயினுலாப்தீன் வராந்தாவிலிருந்து விறுவிறுவென உள்ளே வந்தார்.

“வாப்பா, இதுலயும் நான் பெயிலா?” சுலைகாவுக்கு உதடு பிதுங்கிவிட்டது.

“ஆமாம்மா, சுத்தப் பெயிலு!” அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டார். “நாளைக்கும் நீ பள்ளிக்கூடத்துக்கு வரணும், பாத்துக்கோ.”