ஐம்பதா, நானூறா

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் குளிர்பெட்டியில் மீனுக்கு இடம் கிடையாது. மேல்தட்டு முழுக்க ஃபிலிம் ரோல்கள்தான். மணிலாவின் கியாப்போ பகுதியில் கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் எங்களுடையது ஆறடி அகலக் கடை. முன்னால் கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் நான், எனக்கும் பின்னால் குடித்தனம்.

மே பதினைந்து லுக்பானில் திருவிழா. அன்று அந்த ஊர் வீட்டு முகப்புகளில் நெற்கதிர், பூசணி, கத்தரிக்காய் எல்லாம் தொங்கும், நடுநடுவே கிப்பிங். அரிசிமாவை இலைமேல் தடவி, வேகவைத்து, உரித்துக் காயவைத்த வண்ண அப்பளம் அது. வெயில் ஊடுருவினால் கண்ணாடித் துண்டுபோல எரியும். அதைப் படம் பிடிக்க மணிலாவில் கேமரா வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் பஸ் ஏறுவார்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: ஸ்லைடு ஃபிலிம், ஐம்பது.

ஐம்பது என்பது ஃபிலிமின் வேகம். எண் சிறியதாக இருந்தால் அது நிதானமான ஃபிலிம். நிறைய வெளிச்சம் கேட்கும். கொடுத்தால் பதிலுக்குச் சிவப்பைச் சிவப்பாகவே தரும், துளிக்கூடப் பொரிப்பொரியாகத் தெரியாது. நானூறோ, பசிக்கு ஏதோ கிடைத்ததைச் சாப்பிட்டு எழுந்துகொள்கிற ஆள். கொஞ்சம் வெளிச்சமே போதும், ஆனால் படத்தில் மணல் தூவியதுபோல் இருக்கும். நெகட்டிவ் என்றால் அச்சுப் போடும்போது கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடலாம். ஸ்லைடில் அந்தக் கருணை இல்லை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கடைசியில் கையில் வரும் படம். எடுக்கும்போது தப்பினால் தப்பினதுதான்.

இதையெல்லாம் கேட்பவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

அர்செனியா வந்தது பத்தாம் தேதி மதியம். முப்பது வயதிருக்கும். தோளில் உறவுக்காரரிடம் இரவல் வாங்கிய பழைய கேமரா. மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே இது, சோப்பு டப்பா மாதிரி?"

"ஸ்லைடு பார்க்கற டப்பா. உள்ள ஒண்ணு போட்டிருக்கேன். வெளிச்சத்தப் பார்த்துப் பிடிச்சுக் கண்ண வச்சுப் பாரு."

பார்த்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை கண்ணை. "போட்டோ பார்க்கற மாதிரியே இல்ல அண்ணே. ஜன்னல் வழியா ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு" என்றாள். "இதுதான் வேணும். இருபதாம் தேதி ஹாங்காங் போறேன். ஒரு வீட்டுல வேலை, ரெண்டு வருஷம். எனக்குக் குடுக்கப்போற ரூம்ல ஆணி அடிச்சு ஒரு போட்டோ மாட்டக்கூட இடம் இருக்காதாம். இது தலையணைக்கு அடியில வச்சுக்கலாம் இல்ல?"

"தாராளமா."

"அதுக்கு முன்னாடி லுக்பான் போறேன். அங்க எங்க அக்கா வீடு. நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ். ஒரு ரோல்தான் வாங்க முடியும். எது நல்லதோ அதக் குடுங்க."

லுக்பான் என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கை குளிர்பெட்டிக்குப் போய்விட்டது. ஐம்பதை எடுத்தேன். குளிர்ந்த ரோலை உடனே பிரித்தால் ஃபிலிமில் ஈரம் கோக்கும் என்று விளக்கி, அரை மணி நேரம் அவளை உட்காரவைத்து, அந்த அரை மணியும் பேசி, பிறகு நானே கேமராவில் மாட்டி, வேகச் சக்கரத்தை ஐம்பதில் நிறுத்திக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கடை அடைக்கும்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஃபெலிசா ஒரு தாளை எடுத்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிட்டா போல."

பென்சிலில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண் போட்ட பட்டியல். ரோலில் முப்பத்தாறு படம். ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாதென்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள். ஃபெலிசா சத்தமாகப் படித்தாள்.

"ஒண்ணு, லிவாய் தூளியில தூங்கறது. ரெண்டு, லிவாய் அக்கா மடியில கிப்பிங் உரிக்கறது. மூணு, அடுப்படியில லிவாய் உக்கார்ற முக்காலி. நாலு, லிவாய்க்கு அக்கா தலை பின்னறது. அஞ்சு, லிவாய் கொசுவலைக்குள்ள..." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "லிவாய் யாரு?"

"தெரியலையே. மகளா இருக்கும்."

"இருக்குமா? அரை மணி நேரம் உக்காந்திருந்தாளே, என்ன கேட்டீங்க அவகிட்ட?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவே இல்லை. சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

தாளை வாங்கி முழுவதும் படித்தேன். முப்பத்தாறில் ஒரு வீட்டு முகப்புகூட இல்லை. மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் கப்பலோ விமானமோ ஏறப்போகிறாள். முப்பத்தைந்து படங்கள் வீட்டுக்குள்ளே. கடைசி மட்டும் வெளியே: 'வாசல்ல நின்னு லிவாய் கை ஆட்டறது.'

கணக்கு மனதுக்குள் தானாக ஓடியது. ஜன்னலோர வெளிச்சம். லென்ஸை முழுக்கத் திறந்தாலும் ஐம்பதுக்கு ஷட்டர் ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அவள் கேமராவைக் கையில் பிடித்து எடுப்பதென்றால் அறுபதில் ஒரு பங்குக்குமேல் தாமதிக்கக் கூடாது. தாமதித்தால் மூச்சு விடுவதுகூடப் படத்தில் பதியும். தூளியில் தூங்கும் குழந்தை புகைபோல விழும். இருபதாம் தேதிக்கு முன் இன்னொரு முறை லுக்பான் போய் எடுத்துவர அவளுக்கு நாள் இல்லை.

"நானூறு குடுத்திருக்கணும் ஃபெலிசா."

"அப்ப நாளைக்கு விடியக்காலம் எந்திரிங்க. அந்த மீன எடுத்து மேல்தட்டுல வைக்கறேன், ஒரு ரோல் இடம் காலியாச்சு இல்ல?"

பஸ் நிலையத்தில் திருவிழாக் கூட்டம். ஏழு மணி வண்டியில் ஐந்தாவது வரிசையில் அர்செனியா. மடியில் நான்கு வயதுச் சின்னப்பெண், வாயில் பாதி பன்.

"அண்ணே! நீங்களும் லுக்பானா?"

"இல்லம்மா. தப்பான ஃபிலிம் குடுத்துட்டேன். கேமராவக் குடு."

மாட்டியவன் நான், கழற்ற வேண்டியவனும் நான். பழைய ரோலைச் சுற்றி முடிக்காமல் கேமராவின் முதுகைத் திறக்கக் கூடாது. சுற்றினேன். வெயில் படாமல் இருக்க இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டு திறந்தேன். நானூறின் நாக்கைப் பல்சக்கரத்தில் கோக்கும்போது என் தலைக்குமேல் லிவாயின் குரல்.

"அம்மா, இந்த மாமா ஏன் தரையில இருக்காரு?"

"உன் மூஞ்சி நல்லா விழணும்னுதான்டி."

நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடத்துனர் முன்னால் நின்றார்.

"டிக்கெட்?"

"நான் வரலைங்க."

"வராமலேதான் இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா? நல்லா வராம இருக்கீங்க போங்க!"

பஸ்ஸே சிரித்தது. அடுத்து வண்டி நிற்கும் கலம்பா வரைக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மிச்சத்தைச் சொன்னேன்.

"சக்கரத்த நானூறுல வச்சிருக்கேன், தொடாத. இது ஷட்டர் வேகம், நூத்தி இருபத்தஞ்சுல விட்டுடு. உள்ள தெரியற முள் நடுவுல வர்ற மாதிரி லென்ஸ் வளையத்த மட்டும் திருப்பு. வெளிச்சம் அளக்கும்போது கன்னத்துக்குப் பக்கத்துல போய் அள. ஜன்னல் வெளிச்சம் விழற கன்னம். ஸ்லைடுல வெளுத்துப்போனா வெளுத்ததுதான், திரும்ப வராது. இருட்டுப் பக்கம் இருட்டாவே இருக்கட்டும். முழங்கைய விலாவுல ஒட்டி வச்சுக்கோ. மூச்ச விட்டு முடிச்சுட்டு அமுக்கு."

அவள் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் திருப்பிச் சொன்னாள். பட்டியலைக் கொடுத்தேன். முகம் சிவந்து மடித்துக்கொண்டாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன். நேத்தே கேட்டிருக்கணும்."

"நானே சொல்லியிருக்கணும் அண்ணே. சொன்னா அழுகை வந்துடும்னுதான்..."

"பொரி தெரியும், மணல் மாதிரி. அது மட்டும்தான் குறை. கடைசிப் படம் வெளியில. அது கவலையே இல்ல, ஆடவே ஆடாது."

கலம்பாவில் இறங்கி, எதிர்ப்பக்க வண்டிக்காக ஒரு மணி நேரம் நின்றேன்.

பதினாறாம் தேதி ரோல் என் கைக்கு வந்தது. பதினெட்டு மாலை, கழுவி வந்த நீளப் பட்டையை ஒளிமேசையில் விரித்தேன். அர்செனியா பக்கத்தில் நின்றாள், பூதக்கண்ணாடியைத் தொடக்கூட இல்லை.

"முதல்ல நீங்க பாருங்க."

முதல் படம். தூளி. துணியின் மடிப்புக்குள் ஒரு கன்னம், அதில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக. இமை மயிர் எண்ணலாம். பொரி இருந்தது, கிப்பிங் காய்கிற வீட்டுக் காற்றில் அரிசிமாவு மிதந்ததுபோலத்தான் இருந்தது.

"விழுந்திருக்கா அண்ணே?"

"விழுந்திருக்காளா? தூங்கறாளே இங்க!"

அதன்பிறகு அவளிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்க முடியவில்லை. அவள் பார்க்கப் பார்க்க நான் ஒவ்வொன்றாக வெட்டி அட்டைச் சட்டத்தில் பொருத்தி எண் போட்டேன். தலை பின்னல், முக்காலி, கொசுவலை. இரண்டு மூன்று கொஞ்சம் இருட்டு. ஆடியது ஒன்றும் இல்லை. கடைசித் துண்டுக்கு வந்தேன்.

ஆடியிருந்தது. நன்றாகவே. வாசற்கதவு இரண்டு கதவாக, கையை உயர்த்திய சிறுமி மஞ்சள் தீற்றலாக. ஆடிய படத்துக்குச் சட்டம் போடுவது என் வழக்கமில்லை. கீழே கூடையில் போட்டேன்.

"அது முப்பத்தாறு இல்ல?"

"ஆடிடுச்சும்மா. அன்னைக்கு மழையா? மழைன்னாலும் நூத்தி இருபத்தஞ்சுல இப்படி ஆடாதே. முழங்கை விலாவுல ஒட்டியிருந்துச்சா?"

"ஒட்டித்தான் இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே." கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "உடம்பே ஆடிச்சு அண்ணே."

உள்ளேயிருந்து ஃபெலிசா எட்டிப் பார்த்தாள். நான் குனிந்து கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். தூசியை ஊதினேன். சட்டத்தில் வைத்து, நாலு மூலையும் சரியாக இருக்கிறதா பார்த்து, அழுத்தி, முப்பத்தாறு என்று எழுதினேன்.

அர்செனியா அதை வாங்கி, நான் அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த சோப்பு டப்பாவுக்குள் நழுவவிட்டாள்.

"இதுக்கு பேட்டரி அங்க கிடைக்குமா?"

"பேட்டரியே வேணாம். ஜன்னல் இருக்கற பக்கம் திருப்பிப் பிடிச்சா போதும்."

தெருப்பக்கம் திரும்பி நின்று, டப்பாவைக் கண்ணில் வைத்தாள். இந்த முறை முழங்கைகள் இரண்டும் விலாவில் ஒட்டியிருந்தன.