வாயைத் திறக்கும் முன் வந்த கைதட்டல்

கதாநாயகி வாயைத் திறப்பதற்கு முன்பே கைதட்டல் எழுந்துவிட்டது. ஆர்மோனியத்தில் அந்தப் பாட்டின் முதல் இழுப்பு கேட்டதுதான் தாமதம், ஒத்திகை பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் நாற்காலி நுனிக்கு வந்து தட்டினார்கள். வாசித்துக்கொண்டிருந்த இசையமைப்பாளரின் முகம் மலர்ந்துவிட்டது. திரை மறைவில் ராஜா வேஷக்காரரின் அங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த இசையமைப்பாளரின் மனைவியோ ஊசியை நிறுத்திவிட்டு, தட்டியவர்களை எட்டிப் பார்த்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் இருபது வருடங்களுக்கு முன் இதே இசை நாடகத்தைப் பார்த்து உருகியவர்கள். அவர்கள் தட்டியது மேடையில் நின்ற இந்தச் சின்னப் பெண்ணுக்கு இல்லை. தலை நரைக்காத தங்கள் காலத்துக்கு. வெள்ளிக்கிழமை அரங்கேற்றத்துக்கு டிக்கெட் வாங்கி வரப்போகிறவர்களுக்கு அப்படி ஒரு காலமே தெரியாது.

"கேட்டியா கைதட்டல?" என்றார் கணவர், வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும்.

"கேட்டேங்க. அவ பாடறதுக்கு முன்னாடியே கேட்டேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "நீ ஒருத்தி வீட்ல இருந்தா போதும். பத்திரிகைக்காரன் தனியா வந்து திட்ட வேணாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

நாடகம் படுத்துவிடுமோ என்பதல்ல அவள் பயம். முன்பு நாடகக் குழு கலைந்தபோது ஆர்மோனியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காப்பீட்டு அலுவலகத்துக்கு வேலைக்குப் போய் வந்தாரே, அந்த மனிதரை நினைத்துத்தான் பயம். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. குறை சொல்ல முடியாத கணவர். பாடத் தெரிந்த ஆள் மட்டும் காணாமல் போயிருந்தார். இந்த நாடகத்தை மறுபடி எடுத்த நாளிலிருந்து குளியலறையில் பாட்டுக் கேட்கிறது. வெங்காயம் உரிக்கும்போது வந்து நின்று, "இந்த வரி இழுக்குதா பாரு" என்கிறார். இன்னொரு தடவை தொலைந்தால், இந்த வயதில் திரும்பி வருவாரா?

மறுநாள் ஒத்திகைக் கூடத்தின் மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு நேரே போய், ஒத்திகை பார்க்க வரும்படி அழைத்தாள்.

"பாட்டு நாடகமா? எவ்ளோ நேரம் ஆன்ட்டி?" என்றாள் ஒரு பெண்.

"ரெண்டு மணி நேரம்."

"பிடிக்கலேன்னா நடுவுல எந்திரிச்சுப் போலாமா?"

"தாராளமா. கதவு தொறந்தேதான் இருக்கும்."

கும்பலாக இறங்கி வந்தவர்களைக் கண்டதும் தபேலாக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன அண்ணி, நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறோமே!"

"வெள்ளிக்கிழமை ஊரே வந்து போடறதுக்கு, இன்னிக்கு நாமளே போட்டுப் பாத்துக்கலாம் தம்பி."

கணவர் ஆர்மோனியத்துக்கு மேலாக ஒரு தடவை அவளைப் பார்த்தார். ஊசி போட வந்த டாக்டரைக் குழந்தை பார்க்கிற பார்வை.

ராஜா அழுத இடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். இருட்டில் அங்கங்கே செல்போன் வெளிச்சத்தில் முகங்கள் நீலமாகத் தெரிந்தன. அந்தப் பாட்டின் முதல் இழுப்பு வந்தது. ஒரு கை அசையவில்லை. கணவரின் விரல்கள் கட்டையைத் தேடித் தேடித் தொட்டன. கதாநாயகி பாடத் தொடங்கினாள். பல்லவி போயிற்று, முதல் சரணமும் போயிற்று.

இரண்டாம் சரணத்தின் நடுவில், நேரம் கேட்ட பெண்ணின் முகத்து வெளிச்சம் அணைந்தது. அவளே அணைத்தாளா, தானாக அணைந்ததா தெரியவில்லை. அந்த முகம் மேடைப் பக்கம் திரும்பியிருக்கிறதா, கதவுப் பக்கமா என்று பார்க்க, மனைவி திரையை இன்னும் ஒரு விரல் அகலம் விலக்கினாள்.