குடைத்துணிப் பாவாடை

ஸ்ரீவைகுண்டத்தில் தேவதாசன் தையல் கடையில் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கிற இசக்கிச்செல்விக்கு வீம்பு கொஞ்சம் அதிகம். மகள் சுடலைவடிவு எட்டாம் வகுப்பு. தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆண்டு விழாவில், வேண்டாத பொருளில் உடை செய்து போட்டுவரும் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மற்ற தாய்மார்கள் பழைய செய்தித்தாளும் பசையுமாக உட்கார்ந்தார்கள். இவள் மூன்று வாரம் வேறு நினைப்பே இல்லாமல் கிடந்தாள்.

கம்பி ஒடிந்த குடைகளின் துணியைப் பிரித்துக் கறுப்பில் ஒரு பாவாடை. அறுந்துபோன பாட்டுக் கேசட்டின் நாடாவைப் பின்னி அதற்குக் குஞ்சம். மருந்துக் கடை வாசலில் பொறுக்கிய மாத்திரை அட்டைகளை நகத்தளவு நறுக்கி, சட்டை முழுக்க மீன் செதிலாக அடுக்கித் தைத்தாள். இடுப்புக்கு, கடையில் வெட்டி மிஞ்சிய சிவப்புத் துண்டுகள். கறுப்பி என்றும் ஒல்லிக்குச்சி என்றும் தெருவே கூப்பிடும் பிள்ளை, அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி நின்றாள். அந்த நிமிர்வை ஊர் பார்க்க வேண்டும். இசக்கிச்செல்விக்கு அதற்கு மேல் ஒரு ஆசையும் இல்லை.

விழா அன்று சாயங்காலம் இசக்கிச்செல்வி மேடைக்குப் பின்னால் போனாள். உடை ப்ரியாவின் மேல் இருந்தது. பள்ளிச் செயலாளரின் மகள் அவள். செய்தித்தாளில் செய்த அவளது உடை காலையிலேயே கிழிந்துவிட்டதாம். வடிவு அவள் முன்னால் முழங்காலிட்டு, வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, இடுப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எந்த ஊக்கு எங்கே என்று அவளுக்குத்தானே தெரியும்.

இசக்கிச்செல்வி சித்ரலேகா டீச்சரிடம் கெஞ்சினாள். டீச்சர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தாசில்தார் முன்வரிசையில் இருக்கிறார், போடுகிறவர்கள் போட்டால்தான் வேலைப்பாடு எடுபடும், தைத்தவள் பெயரை மைக்கில் சொல்லச் சொல்கிறேன் என்று பொறுமையாக விளக்கினாள்.

"ஒம் மவ நெறத்துக்குக் கறுப்புத் துணி எடுக்காது இசக்கி. நீயே பாக்கத்தானே செய்யுத?"

வடிவுக்கும் கேட்டது. வாயிலிருந்த அடுத்த ஊக்கை எடுத்து ப்ரியாவின் இடுப்பில் குத்தினாள்.

அந்த உடையை இவர்கள் கைவிட வேண்டும். அந்த நேரத்தில் இசக்கிச்செல்வியின் மண்டையில் இருந்தது அது ஒன்றுதான். கருமாதிக்கு வருகிறவர்கள் ஆற்றில் முழுகிவிட்டு, உடுத்தியிருந்த துணியைப் படித்துறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஊரில் ஒருவரும் அதைக் காலால்கூடத் தொடமாட்டார்கள்.

"போடட்டும் டீச்சர். அந்தச் செவப்புத் துணி படித்துறையில எடுத்தது. கருமாதிக்காரவுக கழிச்சுப் போட்டது" என்றாள்.

சுத்தப் பொய்.

ப்ரியா போட்ட சத்தத்தில் மேடைக்கு முன்னால் இருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். டீச்சர் உடையை இழுத்த இழுப்பில் செதில்கள் தெறித்தன. தீட்டுப் போக ப்ரியாவின் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். இசக்கிச்செல்வி உடையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டுதான் நின்றாள். எப்பேர்ப்பட்ட மடச்சி! செத்த வீட்டுத் துணி என்று சொன்ன பிறகு, அவள் மகள் போட்டுக்கொண்டு மேடை ஏற விடுவார்களா? வாட்ச்மேன் அதைக் கம்பு நுனியில் தூக்கிக்கொண்டு போய் மைதானத்து மூலையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார். மூன்று வார வேலை, ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் கரியாகிவிட்டது.

வடிவு அழவில்லை. வீடு வரும்வரை அம்மாவைவிட்டு நாலு முழம் தள்ளியே நடந்தாள். இசக்கிச்செல்வி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்: அது கடைத் துணிதான், உனக்காகத்தான் பொய் சொன்னேன், வேண்டுமானால் தேவதாசன் அண்ணாச்சியைக் கேள். அம்மன் மேல் சத்தியமும் செய்தாள். அத்தனை பேர் முன்னால் சொன்னது பொய், என்னிடம் மட்டும் சொல்வது மெய்யா என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். கண் முன்னால் எரித்ததை அந்தப் பிள்ளை பார்த்தாயிற்று. அதற்கு மேல் எந்தச் சத்தியம் எடுபடும்?

வீட்டுக்குள் நுழையாமல் வடிவு அடிபம்புக்குப் போய், தலையோடு நாலு குடம் ஊற்றிக்கொண்டாள். இசக்கிச்செல்வி மாற்றுடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். போன தீபாவளிக்கு அவளே தைத்த பாவாடையும் சட்டையும். வடிவு இரண்டடி பின்னால் போனாள்.

"இது எந்தச் செத்த வீட்டுத் துணி? மொதல்ல அதைச் சொல்லு" என்றாள்.

பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு நின்றாளே தவிர, அம்மா கையிலிருந்து அதை வாங்கவில்லை.