வாசலிலிருந்து பார்த்த கண்ணாடி

அடுத்தவர் வீட்டை அகலமாகக் காட்டுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. கவனிக்க, அகலப்படுத்துவது அல்ல, காட்டுவது. சுவரை ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல், உள்ளே வருகிறவர் "அடேயப்பா, வெளியிலேர்ந்து பாத்தா தெரியலையே" என்று வாயைப் பிளக்கும்படி செய்துவிடுவாள். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால், வேலை பார்க்கும் வீட்டு அலங்காரக் கடையில் அவளுக்கு டேப்பு என்றே பெயர். முதலாளியில் தொடங்கி தச்சர்வரை எல்லோருக்கும் அவள் டேப்புதான்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் வழி சொன்னவளின் சொந்த வீடு மட்டும் அவள் கைபடாமல் கிடந்தது. ஒன்பதுக்குப் பதினொன்று அடியில் ஒரு ஹால், அதன் கோடியில் சமையல் மேடை, உள்ளே ஒரே ஒரு படுக்கையறை. ஹாலின் நடுவில் கால் ஆடும் ஒரு பெரிய மேசை. சாப்பாடு, மகளின் வீட்டுப்பாடம், துணி தேய்ப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் அதன்மேல்தான் நடந்தன. மேசையைச் சுற்றி நடக்க வேண்டுமானால் யாராவது எழுந்து வழிவிட வேண்டும். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அண்ணன் வருகிறார் என்றதும்தான் அவளுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொட்டால் ஒரு கால் விளங்காமல் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் காட்சி என்று எதையும் வைத்துக்கொள்ளாத மனுஷர். போக்கிடம் என்று பார்த்தால் தங்கை வீடு, இல்லையென்றால் லாரி ஷெட்டின் மாடியில் டிரைவர்கள் தங்கும் அறை. அந்த அறைக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருநாள் "ஒரே ஒரு டிரிப்புதான்" என்பார்கள், இவரும் சாவியை வாங்கிக்கொள்வார்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். தான் யாருக்காவது இடைஞ்சல் என்று லேசாகத் தோன்றினாலே போதும், அண்ணன் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவார். அவள் படித்த காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை. நாலு வருஷமும் அவர் லாரிக்குள்ளேயே படுத்தார். கேட்டால், "அங்கதான் பாப்பா காத்து நல்லா வருது" என்பார்.

அதனால் ஒன்பதே நாளில் வீட்டைத் தலைகீழாக்கினாள். சுவருக்கும் கூரைக்கும் ஒரே வெளிர் நிறம். ஜன்னலுக்கு மேலே தொங்கிய திரையைக் கூரையை ஒட்டி ஏற்றினாள், ஜன்னல் உயர்ந்துவிட்டது. தரையோடு ஒட்டிக் கிடந்த சோபா போய், அடியில் தரை தெரிகிற மாதிரி உயரமான கால் வைத்த சோபா வந்தது. மூலைக்கு மூலை சிறு விளக்கு. கூரைவரை ஓர் அலமாரி. மேசையைத் தச்சர் கடைக் கிடங்குக்கு எடுத்துப்போக, அந்த இடத்தில் சுவரோடு மடிந்துகொள்ளும் பலகை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியை வாசலில் நின்று பார்த்து மாட்டு என்பது அவள் தொழிலில் முதல் பாடம். வாடிக்கையாளர் மனசு வாசலிலேயே விழுந்துவிடும், உள்ளே வந்த பிறகு அவர் எதையும் அளக்கமாட்டார். அவளும் வாசலில் நின்று, ஒரு கண்ணை மூடி, அரை அங்குலம் இடது, கால் அங்குலம் வலது என்று பார்த்துப் பார்த்து மாட்டினாள்.

படுக்கையறையை அண்ணனுக்கு ஒதுக்கியாயிற்று. கணவரையும் மகளையும் நிறுத்தி வைத்து வகுப்பெடுத்தாள். "காலையில அவர் எந்திரிக்கிறதுக்குள்ள நம்ம படுக்கையெல்லாம் அலமாரிக்குள்ள போயிடணும். எதையும் வெளிய போடக்கூடாது. நாம கஷ்டப்படுறோம்னு அவருக்குத் தோணவே கூடாது. புரியுதா?"

"மூச்சாவது விடலாமா?" என்றார் கணவர். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்பவர்.

அண்ணன் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். உள்ளே பார்த்தவர் அசந்துபோனார். "என்ன பாப்பா, பக்கத்து வீட்டையும் சேத்து வாங்கிட்டியா?" அவளுக்கு உச்சி குளிர்ந்தது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பாராட்டு வாங்கியவள்தான். இதை மட்டும் அன்றிரவு கணவரிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

பதினேழு நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து பேப்பரில் விழட்டும் என்று அவள்தான் அந்த நாற்காலியைக் கண்ணாடியைப் பார்த்தபடி போட்டுக் கொடுத்திருந்தாள். அண்ணன் நாளெல்லாம் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஆனால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பதினெட்டாம் நாள் காலையில் சொன்னார், "ஷெட்டுல மேல் ரூம் காலியா இருக்காம். ஞாயித்துக்கிழம கெளம்பலாம்னு பாக்குறேன்."

"ஏண்ணே? இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. சும்மாதான்."

அண்ணனின் 'சும்மாதான்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? அதற்குமேல் கடப்பாறை போட்டு நெம்பினாலும் ஒரு வார்த்தை வராது. அவர் உள்ளே போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதாவது சொன்னீங்களா?"

"நான் என்னத்தச் சொன்னேன்? வீட்ல இருக்கிறதே தெரியாம இருக்கேன்" என்றார் அவர். உண்மைதான்.

சனிக்கிழமை பிற்பகல் அண்ணன் முதுகுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தார். கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டவள், ஒன்றும் ஓடாமல் அவர் நாற்காலியில் போய் விழுந்தாள். இப்படியும் அப்படியும் யோசித்தும் பிடிபடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை அவள் வாசலிலிருந்துதான் பார்த்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலும் வானமும் தெரியும். நாற்காலியிலிருந்து பார்த்தால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வீடு முழுவதும் தெரிந்தது. வேலை முடிந்து வந்த கணவர், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துபோனார். உட்கார்ந்திருப்பது அண்ணன் இல்லை, தன் மனைவி என்றுகூட அவர் கவனிக்கவில்லை. பழகிவிட்டது. அவருக்கும் அப்பால், சமையல் மேடைப் பக்கம், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் கவிழ்த்த வாளியின்மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் நோட்டுப் புத்தகம்.

"அங்க ஏன்டி உக்காந்திருக்க?"

"தெனமும் இங்கதாம்மா எழுதுறேன். பலகையப் பிரிச்சா மாமா பாத்ரூம் போற வழி அடைச்சுக்கும். ரூமும் மாமாவோடது. நீதானே சொன்ன, மாமாவுக்குத் தெரியக்கூடாதுன்னு." அப்புறம் பெருமையாகச் சொன்னாள், "அவருக்குத் தெரியவே தெரியாதும்மா. முதுகு வலில திரும்பிப் பாக்கவே மாட்டார்."

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டிய மனுஷர் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? ரோட்டை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை என்று பழகிய கண். பதினேழு நாளும் பேப்பருக்கு ஒரு பார்வை, கண்ணாடிக்கு ஒரு பார்வை. வயிற்றை எக்கும் மாப்பிள்ளையையும் வாளியில் குந்தியிருக்கும் மருமகளையும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கிறார். அதைப் பளிச்சென்று துடைத்துக் காட்டியது அவளேதான்.

டேப்புக்கு அழுகை வந்தது. அழுதாள். மகள் பயந்துபோய் வாளியை விட்டு எழுந்து வந்தாள். பிறகு டேப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு தச்சருக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, என் பழைய மேசை இருக்கா?"

"ஆடுற காலோட அப்படியே இருக்கு. யாரு வாங்குவா அத?"

"இப்பவே கொண்டு வாங்க. கண்ணாடியக் கழட்ட ஸ்பானரும் எடுத்துக்குங்க."

சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தபோது வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. ஹாலை அடைத்துக்கொண்டு மேசை நின்றது. கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் நாலு ஓட்டை. மூன்று பேருடைய படுக்கையும் சோபாவின்மேல் குவிந்து கிடந்தது. மேசையில் ஒரு பக்கம் கணவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார், மறுபக்கம் மகள் பரப்பிவைத்த புத்தகங்கள்.

"என்ன பாப்பா, வீடு சுருங்கிப் போச்சு?"

"அது எப்பவும் இவ்ளோதான்ணே. நான்தான் பெருசுன்னு உங்கள ஏமாத்தினேன்." அவள் இடுப்பு டேப்பை அவிழ்த்து மேசைமேல் போட்டாள். "நீங்க இடைஞ்சல் இல்லன்னு காட்டணும்னு என்னென்னமோ பண்ணேன். இடைஞ்சல்தாண்ணே. ஆறடி ஆளு ஒம்பதடி ஹால்ல இடைஞ்சல் இல்லாம எப்படி இருக்க முடியும்? இடைஞ்சலாவே இருங்க. நீங்க இல்லாம எடம் விசாலமா இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

அண்ணன் செருப்பைக் கழற்றினார். மேசையைச் சுற்றி, கணவரை இடித்துக்கொண்டு நடந்துபோய், தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயோ மச்சான், கால மிதிச்சிட்டீங்க" என்றார் கணவர், தாராளமாக மூச்சு விட்டபடி.

மகள் ரப்பரைத் தேடி எழுந்தாள். வழி இல்லை. இத்தனை நாளும் வாளிமேல் குந்தியிருந்தவள் மாமாவின் தோளைத் தட்டினாள். "மாமா, நாற்காலிய முன்னாடி இழுங்க. நான் போகணும்."

அவர் இழுத்தார். மேசை விளிம்பு வயிற்றில் முட்டியது. அவள் போனாள். போனவள் திரும்பி வரவேண்டும் அல்லவா, மறுபடியும் தட்டினாள். மறுபடியும் இழுத்தார். "ஒரு தடவையா போயிட்டு வரமாட்டியா நீ?" என்று முணுமுணுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ஒன்றைக் குறை சொல்லி டேப்பு கேட்டாள். சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. ஷெட் மேனேஜர். காலையில் எத்தனை மணிக்கு வருகிறார், அறையைப் பெருக்கி வைக்கலாமா என்று கேட்பது எல்லோர் காதிலும் விழுந்தது. கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மகள் எழுதுவதை நிறுத்தினாள்.

அண்ணன் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"இல்லப்பா, வர முடியாது" என்றார். "நடுவுல மாட்டிக்கிட்டேன். யாராவது எந்திரிச்சு வழி விட்டாத்தான் உண்டு, இங்க யாரும் விடுற மாதிரி தெரியல."

போனை வைப்பதற்கு மேசையில் இடம் இல்லை. சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.