எடுக்கும்போது நாங்க, வற்றினால் நாம

அந்தக் கூட்டம் நடந்தது குருத்து ஞாயிறு அன்றா, அதற்கு முந்தின ஞாயிறா என்பதில் எனக்கு உறுதியில்லை. சிலர் கையில் ஓலையோடு உட்கார்ந்திருந்ததாக ஞாபகம். அது வேறொரு வருஷத்து ஓலையாகவும் இருக்கலாம். பேசப்பட்ட வார்த்தைகளில் மட்டும் சந்தேகமில்லை. அவற்றை வியாகுலமேரி தன் ஜெபப்புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அவள் தமிழாசிரியை. கணவன் இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். பந்தலை ஒட்டிய நிலத்தைத் தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. அங்கே ஆழமாகப் போர் போடச் சுற்றியுள்ள ஒன்பது தோட்டக்காரர்களும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். கம்பெனிக்காகக் கையெழுத்து வாங்க வந்தவர் சுந்தரலிங்கம். பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மைக் பிடித்தார்.

"இது நம்ம மண்ணு. நம்ம தண்ணி. நம்ம பிள்ளைகளுக்கு இங்கனயே வேலை. வேண்டாம்னு சொல்ல யாருக்காச்சும் மனசு வருமா?"

அவள் பென்சிலால் குறித்தாள்: அடுக்கு. பதில் வேண்டாத கேள்வி. போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் நடத்தியிருந்தாள்.

பக்கத்துத் தோட்டக்காரன் கருத்தக்கண்ணன் எழுந்தான். "அண்ணே, எங்க தண்ணி வத்திப்போச்சுன்னா?"

"போர் நாங்க போடுறோம். தண்ணிய நாங்க எடுக்குறோம். வத்துனாத்தான் என்ன? நாம சமாளிக்க மாட்டமா?"

கைதட்டல். அவள் பென்சில் நின்றுவிட்டது. எடுக்கும்போது நாங்க, வற்றினால் நாம. தன்னை அறியாமல் எழுந்தாள்.

"சார் பேச்சக் கவனிச்சீகளா? 'நம்ம'ன்னு மூணு தடவ அடுக்குறாக. பெறகு, பதில் சொல்லவிடாத கேள்வி. எடுக்குறப்ப 'நாங்க', வத்துனா 'நாம'. கேக்குறவுகளையும் சேத்துக்கிட்டுப் பேசுனா அதுக்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மைன்னு பேரு..."

"ஏலே, டீச்சரு பரீட்சை வச்சிருவாக, ஓடிருங்கடா!" என்றான் கருத்தக்கண்ணன். மண்டபமே சிரித்தது.

சுந்தரலிங்கம் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "நூத்துக்கு எத்தன மார்க்கு போடுவீக டீச்சர்?"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் இலையில் சோறு போடும்போது கேட்டாள். "நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீகளா?"

"போட்டேன்."

"நான் அம்புட்டுச் சொன்ன பெறகுமா?"

"என்ன சொன்ன மேரி? அவுக பொய் சொல்றாகன்னு சொன்னியா? நம்ம பந்தல் காஞ்சுபோகும்னு சொன்னியா? அவுக எம்புட்டு அழகாப் பேசுறாகன்னுல்ல எடுத்துச் சொன்ன."

பதில் வேண்டாத கேள்விகள், மூன்று. எண்ணியதற்காகத் தன்மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. எத்தனை அடி ஆழத்துக்குப் போர் போடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பந்தல் காய்ந்துவிடும் என்று கத்தியிருக்கலாம். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

"விடு, நாம பாத்துக்கிரலாம்," என்றான் அவன் கடைசியில்.

அந்த 'நாம'வில் அவளும் இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாவது கோடையில் அவர்கள் தோட்டத்துப் போர் வற்றியது. இஞ்ஞாசிமுத்து பந்தல் கல்தூண்களையெல்லாம் விற்றுவிட்டு இப்போது கம்பம் டவுனில் உரக்கடை ஒன்றில் மூட்டை தூக்குகிறான். கருத்தக்கண்ணன் கம்பெனி கேட்டில் காவல் நிற்கிறான். சுந்தரலிங்கம் வேறு ஊரில் பேசிக்கொண்டிருக்கிறார். வியாகுலமேரி ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை இன்னும் நடத்துகிறாள்.