றோலண்டின் கால் மாத்திரை

இராணுவத்தில் பதினெட்டு வருடம் லொறி ஓட்டிவிட்டு நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பியவர் றோலண்ட். கூடவே தூக்க மாத்திரையும் வந்தது. ஒன்பது வருடமாக அது இல்லாமல் கண் மூடியதில்லை. இப்போது பாடசாலை வேன் ஓட்டும் வேலை ஒன்று காத்திருந்தது. மாத்திரையை விட்டால்தான் மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து என்று டொக்டர் லோஜினி சொல்லிவிட்டார்.

சட்டென்று நிறுத்தக்கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். போனில் ஒரு செயலியும் போட்டுக்கொடுத்தார். தலைமாட்டில் வைத்தால் இரவுச் சத்தங்களைப் பிடித்து அவருக்கு அனுப்பிவிடும். ஒன்று அரையாகி, அரை காலானது. றோலண்ட் விசிலடித்துக்கொண்டு முகம் கழுவத் தொடங்கினார்.

அப்போதுதான் டொக்டரிடமிருந்து செய்தி வந்தது. தூக்கத்தில் கத்துகிறாராம், இனிமேல் குறைக்க வேண்டாமாம், கிளினிக்குக்கு வர வேண்டுமாம். விசில் நின்றது. கேட்ட மனைவி சிசிலியிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. கிளினிக்குக்கு அவளும் கூடவே கிளம்பினாள்.

டொக்டர் பதிவைப் போட்டுக் காட்டினார். கரகரத்த குரல் ஒன்று அதட்டியது:

“மூணாம் நம்பர் மலைக்குப் பத்துப் பேர் போங்க. வேலாயி, கூடைய எடு!”

தூக்கத்தில் தன் குரல் இப்படியா என்று றோலண்ட் தலை குனிந்துகொண்டார். சிசிலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“டொக்டரம்மா, இது பக்கத்து வீட்டு செல்லசாமி அண்ணன். பழைய கங்காணி, கொழுந்து பறிக்கிறவங்கள வேலை வாங்கினவரு. கூரை ஒழுகுதுன்னு போன மாசம் கட்டில எங்க சுவரோரமா போட்டாரு. லயத்துல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச் சுவரு கூரை வரைக்கும் எங்க இருக்கு? எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு.”

“இவருக்கு?”

“இந்தச் சத்தத்துலயும் இவரு புரண்டுகூடப் படுக்கலையே. இதவிட என்னங்க தூக்கம் வேணும்?”

டொக்டரும் சிரித்துவிட்டார். காலையில் தலைசுற்றல் உண்டா, கை நடுங்குகிறதா என்று நிதானமாக விசாரித்தார். பிறகு, மேலும் குறைக்கலாம், சத்தம் பிடிப்பதை அணைத்துவிட்டு, எப்படித் தூங்கினீர்கள் என்று காலையில் நீங்களே பதியுங்கள் என்றார்.

செய்தி லயமெல்லாம் பரவியது. செல்லசாமி வெளியே தலைகாட்டவில்லை. அவர் மனைவி வேலாயி விடுவதாயில்லை.

“ரிட்டயராகி ஆறு வருசமாச்சு. இன்னும் என்னைய மலையேத்துறாரு.”

ஆறு வாரத்தில் கால் மாத்திரையும் போய், சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. வேலையின் முதல் நாள் காலை ஐந்து மணிக்கு றோலண்ட் நல்ல தூக்கத்தில் இருந்தார். சுவருக்கு மேலாக அந்தக் கரகரத்த குரல் வந்தது:

“றோலண்ட் தம்பி, வேனுக்கு நேரமாச்சு.”

இந்தத் தடவை செல்லசாமி முழித்துக்கொண்டுதான் கத்தினார்.