அரைக் கட்டை மேலே

ஆசிக்கின் அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த கீபோர்டில் அவன் தானாகவே வாசிக்கப் பழகினான். பெரம்பலூரில் எங்கள் கல்லூரி விழா எதுவும் அவன் இல்லாமல் நடக்காது. இறுதியாண்டில் திருச்சியிலிருந்து ஒரு பியானோ சிடி வாங்கி வந்தான். அதைக் கேட்ட பிறகு தன் வாசிப்பு அவனுக்குப் பிடிக்காமல் போனது.

“அதுல ரெண்டு கையும் தனித்தனியா பேசுதுடா அன்பு. எனக்கு எடது கை வேலைய மிஷின்தான் பாக்குது,” என்றான் என்னிடம்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் தேவயானி என்பவர் பியானோ சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டோம். சனிக்கிழமை பஸ் ஏறினோம்.

அவர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். லாரிப் புழுதிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பியானோவின் போர்வையை எடுத்தார்.

“சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் எடுக்குறேன் தம்பி. தானா கத்துக்கிட்டவங்களுக்குக் கை ஒரு மாதிரி பழகிடும். மாத்துறது கஷ்டம்.”

“ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க டீச்சர்.”

உட்கார்ந்தான். முதல் கட்டையை அழுத்தினான். சத்தமே வரவில்லை. கீபோர்டைத் தொடுவதுபோலத் தொட்டிருந்தான். மறுபடி அழுத்தித் தொடங்கி, ஒரு சினிமாப் பாட்டை முழுதும் வாசித்தான்.

“இதையே அரைக் கட்டை ஏத்தி வாசிங்க,” என்றார் தேவயானி.

அவன் கை மேலே இடது ஓரத்துக்குப் போய்த் தடவியது. கீபோர்டில் அங்கே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் சுருதி ஏறும், விரல்கள் பழைய இடத்திலேயே ஓடலாம்.

வகுப்புக்குக் காத்திருந்த எட்டு வயதுப் பெண் கேட்டாள்: “என்னண்ணே தேடுறீங்க?”

“சுவிட்ச தேடுறான் பாப்பா,” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆசிக் சிரிக்கவில்லை. “எனக்குத் தெரியாது டீச்சர். தேடிப் பாக்கட்டுமா?”

பாட்டை முணுமுணுத்தபடி ஒவ்வொரு கட்டையாகத் தேடினான். பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள். தப்பினான், திரும்பினான், பிடித்தான். அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கடைசி வரிக்கு இடது கையும் வந்து சேர்ந்தது. இடது கையால் வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை.

தேவயானி நாற்காலியைப் பியானோ பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சேத்துக்குறேன். முதல் பாடத்துலேர்ந்து, இவளோட உக்காரணும். இந்த வருஷம் மேடை வேண்டாம்.”

“சரிங்க டீச்சர்.”

“டேய், அடுத்த மாசம் காலேஜ் டே!” என்றேன்.

“நீ ஏதாவது மிமிக்ரி பண்ணு.”

பெஞ்சில் அந்தப் பெண்ணுக்கு இடம்விட்டு நகர்ந்தான்.

“உள்ளங்கையில எலுமிச்சம்பழம் இருக்குற மாதிரி வைங்கண்ணே,” என்றாள் அவள்.

“இப்படியா?”

“பழம் கீழ வுழுந்துடுச்சு.”

மறுபடி வைத்தான். ஒரு விரல், ஒரு கட்டை. அதையே திரும்பத் திரும்ப வாசித்தான். எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. கடைசியில் ஒன்றுக்கு டீச்சர் தலையசைத்தார். அதற்கு முன்பே, வித்தியாசம் தனக்கே கேட்டுவிட்டதுபோல, ஆசிக் நிமிர்ந்துவிட்டான்.